நெட்டி டாக்டரிடம் சொல்லாதது

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். மாமா நன்றாக இருக்கிறார். நான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிற மனிதர் எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் எனக்கு உண்மை வருவதில்லை கண்ணு. நீ "எப்படிப்பா இருக்கு" என்று கேட்டு முடிப்பதற்குள் "பரவாயில்லம்மா, நல்லாக் குறைஞ்சிருக்கு" என்று வாய் முந்திக்கொள்கிறது. பத்து மாதமாக இதே பாட்டுத்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைக் கேட்ட பிறகு இனிமேலும் அப்படி இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. பாப்பா பிறந்ததிலிருந்து உனக்கு இடுப்பு வலி, அங்கே முதுகெலும்பைக் கையால் அமுக்கி நெட்டி எடுக்கிற ஒரு கைரோபிராக்டிக் டாக்டரிடம் போக ஆரம்பித்திருக்கிறாய், நாலு தடவை ஆகிவிட்டது, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. "உங்களுக்கு அந்த வைத்தியம் கேட்டுச்சேப்பா, எனக்கும் கேக்கும், விடாமப் போறேன்" என்றாய். நான் சரி என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கேட்கவில்லை கண்ணு. ஒரு நாள்கூட, முதல் நாளைத் தவிர, கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் சமையலறை மேடைமேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் ஏழெட்டு நிமிடத்துக்குமேல் தாங்குவதில்லை, நின்றாலும் இடது காலை நம்ப முடியவில்லை, அதனால் கொஞ்சம் எழுதிப் போய்ப் படுத்து மறுபடி வந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஆரம்பத்தில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம், சுவரோரம் கடைசி வரிசை, வெட்டிய துண்டை வைத்து ரப்பர் சுத்தியலை எடுக்கக் குனிந்த வாக்கிலேயே திரும்பினேன், இடுப்பில் யாரோ சாவி போட்டுப் பூட்டிய மாதிரி ஆகிவிட்டது. கைகளை ஊன்றி நாலு காலில் நின்றேன். பின்னால் கலவை கலக்கிக்கொண்டிருந்த உன் மாமா "என்ன மச்சான், ரொம்ப நேரமா எதைத் தேடுறீங்க" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு அவர்தான் என்னைச் சிமென்ட் மூட்டை மாதிரி தூக்கி வண்டியில் போட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து எலும்பு உடையவில்லை என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்ச நாளைக்குக் குனியாதீர்கள் என்றார்கள். டைல்ஸ் போடுகிறவனைக் குனியாதே என்பது நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவனை நனையாதே என்று சொல்வது மாதிரி. ஆனாலும் குனியவில்லை. ஆறு வாரம் ஆகியும் வலி அப்படியே இருந்தது. அப்போதுதான் நாங்கள் வழக்கமாகச் சரக்கு எடுக்கிற டைல்ஸ் கடைக்காரர், தன் கழுத்துப் பிடிப்பை ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார் என்று அந்த டாக்டரைப் பற்றி மாமாவிடம் சொன்னார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், குட்டையான பருத்த விரல்கள், மெதுவாகப் பேசுவார். உன் அம்மா முதல் நாளே அவருக்கு நெட்டி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். நான் நினைத்தது போல உடனே பிடித்து முறுக்கவில்லை. அரை மணி நேரம் கேள்வி கேட்டார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்தார், குதிகாலால் நடக்கச் சொன்னார். அன்றைக்கு எல்லாம் செய்ய முடிந்தது. அதற்கப்புறம் எதிரில் உட்கார்ந்துகொண்டு சொன்னதைத்தான் உனக்காக அப்படியே எழுதுகிறேன். "ஆறு தடவைக்குள்ள ஏதாவது மாத்தம் தெரியணும். தெரியலைன்னா வேற வழி பாக்கணும், சும்மா வந்துட்டே இருக்கக் கூடாது. இங்கேருந்து இறங்கிப் போறப்ப லேசா இருக்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, மூணாம் நாள் எப்படி இருக்குன்னு பாருங்க. வலி எவ்வளவுன்னு யோசிக்கிறதைவிட என்ன செய்ய முடியுதுன்னு பாருங்க" என்றார். ஒரு தாள் கொடுத்தார். எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, காலுறையைத் தானாகப் போட்டுக்கொள்ள முடிகிறதா, இந்த மூன்றையும் நாளுக்கு நாள் எழுதி வரச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். கால் மரத்துப் போனாலோ, பாதம் தொங்கினாலோ, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவதில் மாற்றம் தெரிந்தாலோ தன்னிடம் வராமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். எனக்கு யாரும் சொல்லவில்லை என்று பழி போட வழியில்லாமல் தெளிவாகத்தான் சொன்னார்.

அந்த மேசையில் முகம் வைக்க ஒரு ஓட்டை இருக்கும், நீயும் பார்த்திருப்பாய். குப்புறப் படுத்தால் தரை தெரியும். எனக்கு என்ன தெரியும், டைல்ஸ்தான் தெரியும். நாலு டைல்ஸ் சேருகிற மூலை, அதில் ஒன்று பக்கத்து டைல்ஸைவிட ஒரு நூல் தூக்கி நின்றது, இடுக்கில் பூச்சு உதிர்ந்திருந்தது, அந்த இடத்தில் டாக்டரின் காலணி படும்போதெல்லாம் அடியில் கலவை பிடிக்காத சத்தம் கேட்டது. இதைப் போட்டவன் எவன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் கை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார், மளுக்கென்று ஒரு சத்தம், கதவு திறந்துகொண்ட மாதிரி இருந்தது. எழுந்து நின்றால் எனக்கு வயது இருபது குறைந்திருந்தது. படிக்கட்டில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினேன். தெருவில் நின்றுகொண்டே உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா, "கை வெச்ச உடனே போச்சும்மா" என்று சொன்னேன். அது பொய் இல்லை. மறுநாள் மதியம் வலி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை உனக்குச் சொல்லவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

ஐந்து தடவை முடிந்தது. தாளில் இருந்த எண்கள் நகரவே இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்தவன் பத்து நிமிடம்தான் உட்கார்ந்தேன், தெருமுனைத் தபால் பெட்டி வரை நடந்தவன் தபால் பெட்டி வரைதான் நடந்தேன், காலுறையை அம்மாதான் போட்டுவிட்டாள். ஆறாவது தடவை போகும் நாள் காலையில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு பேனாவை எடுத்து பத்து என்பதைப் பதினைந்து ஆக்கினேன். காலுறை என்ற இடத்தில் முடிகிறது என்று எழுதினேன். ஏன் செய்தாய் என்று கேட்டால் ஒரே பதிலாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை அவ்வளவு பிரியமாகக் கை வைக்கிறது, அதனிடம் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியே அம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கென்றே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். உன் மாமா வேறு காத்திருந்தார். புதிதாகக் கட்டுகிற நாலு மாடிக் கட்டடத்துக்கு ஆள் கேட்டு ஒரு ஒப்பந்தக்காரர் அவரை இரண்டு முறை கூப்பிட்டும் "மச்சான் வந்துடுவாரு, சேந்தே வர்றோம்" என்று சொல்லிவிட்டு ஒட்டுவேலை, உடைந்த டைல்ஸ் மாற்றுகிற வேலை என்று தனியாகச் செய்துகொண்டிருந்தார். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் குணமாகாமல் இருப்பது ஏதோ என் குற்றம் மாதிரி எனக்குப் பட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டால் அடுத்தது என்ன என்று எனக்குப் பயம். கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிற வரையில் நான் வேலைக்குத் திரும்பப் போகிறவன். இல்லை என்று சொன்ன நிமிடத்திலிருந்து வெறும் ஆள்.

டாக்டர் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மாற்றம் தெரிவதால் தொடரலாம் என்றார். அப்படியே இருபத்திரண்டு தடவை ஆகிவிட்டது. நடுவில் வலி இடுப்பிலிருந்து இறங்கித் தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை போனது. பிறகு ஒரு வாரம் காலில் வலி சுத்தமாக இல்லை. நிஜமாகவே கேட்டுவிட்டது என்று நானே நம்பினேன். வலி போனதல்ல, உணர்ச்சி போனது. பாதத்தின் மேல்பக்கம் ஊசி போட்டு மரத்த மாதிரி மதமதவென்று இருந்தது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் "கால்ல மரமரப்பு ஏதாவது உண்டா" என்று கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் இல்லை என்பேன்.

அதற்குப் பிறகு நடந்தது இது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நானும் அம்மாவும் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நான் முன்னால், அவள் பையோடு பின்னால். வீட்டு வாசலில் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் அம்மா ஒரு கையில் பையும் இன்னொரு கையில் என் இடது கால் செருப்புமாக நிற்கிறாள். கீழே பார்த்தேன். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால், மண்ணும் சின்னதாக ரத்தமும். மருந்துக்கடைப் பக்கத்திலேயே கழன்றுவிட்டதாம். "எப்பத் தெரியுதுன்னு பாத்துட்டே வந்தேன், கடைசி வரைக்கும் உங்களுக்குத் தெரியல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். உள்ளே போய் என் காலைக் கழுவித் துடைத்தாள். எந்த விரலில் கண்ணாடித் துண்டு குத்தியிருக்கிறது என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் தேடித்தான் எடுத்தாள்.

மறுநாள் டாக்டரிடம் போக வேண்டிய முறை. வழக்கமாக வெளியே உட்காருகிறவள் அன்றைக்கு எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள். "டாக்டர், இவர் சொல்றதை எழுதிக்காதீங்க, நான் சொல்றேன்" என்றாள். அம்மா எந்தத் தாளும் வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது கண்ணு. பேருந்து நிறுத்தத்துக்குப் போவதற்குள் முதலில் ஒரு இடத்தில் நின்றேன், இப்போது மூன்று இடத்தில் நிற்கிறேன், நிற்பது தெரியாமல் இருக்கச் சுவரொட்டியைப் படிக்கிற மாதிரி நடிக்கிறேன். படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறேன். தொலைக்காட்சி பார்க்கும்போது கதவில் சாய்ந்து நிற்கிறேன். காலுறையை ஒருநாள்கூட நான் போட்டதில்லை. நடந்தால் இடது பாதம் தரையில் பட்டென்று விழுகிற சத்தம் பக்கத்து அறையில் கேட்கிறது. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் கைக்குட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிரம்பெடுத்த வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி.

டாக்டர் என்னைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது கால் நின்றது. இடது பாதம் எழும்பவில்லை. கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி ஒற்றை விரலால் அமுக்கினார், ஈரத் துணி மாதிரி மடங்கியது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். இரண்டு மாதம் இருக்கும் என்றேன். "நாலு மாசம்" என்றாள் அம்மா. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏங்க சொல்லல? நான் கேட்டேனேங்க" என்றார். பிறகு அவரே "நானும் வாயால கேட்டதோட விட்டுட்டேன், ஒவ்வொரு தடவையும் காலைத் தொட்டுப் பாத்திருக்கணும்" என்றார். இதற்குமேல் தான் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, அவரே அங்கே போன் பண்ணி அன்றைக்கே ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தார். படிக்கட்டு வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நீயும் வைத்துக்கொள்ளாதே. என் பொய்யை நம்பி அவர் நெட்டி முறித்தார், அவ்வளவுதான்.

ஸ்கேனில் முதுகெலும்புக்கு இடையில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்கிற பெரிய டாக்டர் ஒரு அம்மாள், சுற்றி வளைக்காமல் பேசினார். "ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். போன கால் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன், நாலு மாசம்கிறது நரம்புக்கு ரொம்ப நாள்" என்றார். முதல் வாரத்திலேயே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அதைப் பேசி இப்போது பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார். வேலையைப் பற்றிக் கேட்டேன். குனிந்து, மண்டியிட்டு, பாரம் தூக்கிச் செய்கிற வேலை இனி இல்லை என்றார். வருகிற இருபதாம் தேதி ஆபரேஷன். உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. கைக்குழந்தையோடும் இடுப்பு வலியோடும் நீ இங்கே வந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உன் மாமாவிடம் நானேதான் சொன்னேன். அவர் வீட்டுக்கு அம்மா கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். மனுஷன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேளுங்கள், என்னை எதிர்பார்க்காதீர்கள் என்றேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து மூன்று மாதம் ஆகிறது என்று சொன்னார். பிறகு "அதனால என்ன மச்சான், ஒட்டுவேலை ஓடிட்டுத்தான் இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். என் வெட்டும் மெஷினையும் ரசமட்டத்தையும் அவரையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம், உங்களுக்குத் தேவைப்படும் என்றார். தேவைப்படாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனார், வண்டியில் ஏற்றும்போது என்னைப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. தினமும் காலையில் என் பாதத்தை மடியில் வைத்து, தூக்குங்க, தூக்குங்க என்கிறாள், இன்றைக்கு ஒரு நூல் அசைந்தது என்கிறாள். நான் பார்த்தேன், அசையவில்லை, அவள் கைதான் அசைந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, இனி பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்த பிறகும் இந்த ஒன்றைச் சொல்ல மனம் வரவில்லை. எனக்கு ஆபரேஷனில் பெரிய நம்பிக்கை கிடையாது. போகிறேன், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயதில் தரையைத் தவிர வேறு எதையும் தெரியாதவன் நாற்காலியில்கூட உட்கார முடியாமல் நாளெல்லாம் என்ன செய்வான் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வைத்தியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, டைல்ஸ் கடைக்காரருக்குக் கேட்டது, உனக்கும் கேட்கலாம், உன் வலி வேறு என் வலி வேறு. ஆனால் அப்பாவுக்குக் கேட்டது என்பதற்காகப் போகாதே, அப்படி ஒன்று நடக்கவில்லை. நாலு தடவை போயிருக்கிறாய். பாப்பாவைத் தொட்டிலிலிருந்து தூக்கும்போது போன மாதம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, பால் கொடுக்க எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, இதைப் பார். மேசையிலிருந்து எழுந்த அரை மணி நேரத்தைப் பார்க்காதே. இன்னும் இரண்டு தடவையில் ஒன்றும் மாறவில்லை என்றால் மாறவில்லை என்று உன் டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு, அவர் மனது கோணினால் கோணட்டும். காலில் மதமதப்போ இழுப்போ தெரிந்தால் அவரிடமும் போகாதே, எனக்கும் போன் பண்ணிக்கொண்டிருக்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அடுத்த தடவை போகும்போது மாப்பிள்ளையையும் உள்ளே கூட்டிக்கொண்டு போ. நீ நடக்கிறதை நீ பார்க்க முடியாது, அவர்தான் பார்க்கிறார். அவரிடம் நான் இதைச் சொன்னதாகச் சொல். அம்மாவையும் உன்னிடம் வாய் திறக்க விடாமல் வைத்திருந்தேன், இனி அப்படி இல்லை. உன்னிடம் பத்து மாதம் பொய் சொன்னதற்கு என்ன சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நிமிர்ந்து நடக்க வேண்டும், அதைவிடப் பெரிதாக வாழ்த்த எனக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. இருபதாம் தேதிக்குப் பிறகு நீ போன் பண்ணும்போது நான் எடுத்தால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்வேன், வாய் அப்படிப் பழகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா